டென்மார்க் போற டீச்சர்மாருக்கு

கேள்வி: நாங்க கொழும்பு ஸ்கூல்ஸ்ல படிப்பிக்கிற சில டீச்சர்மார், டெனிஷ் கலாசாரத்தையும் கல்வியையும் பார்க்க செப்டெம்பர்ல டென்மார்க் போறம். எங்களுக்குத் தெரிஞ்சது லெகோவும் ஆண்டர்சன் கதைகளும்தான். போக முதல் எதைப் படிக்கலாம்? (ஆசிரியை, வெள்ளவத்தை)

பதில்: முதல்ல எங்கட ஆக்கள் சம்பந்தப்பட்ட கதையைப் படிங்க டீச்சர். 1983க்குப் பிறகு இங்க இருந்து போன தமிழ் அகதிகள் மனுசி பிள்ளைகளைக் கூப்பிட சட்டப்படி உரிமை இருந்தும், நீதி மந்திரியா இருந்த எரிக் நின்-ஹன்சன் 1987ல அந்த விண்ணப்பங்களைப் பார்க்காம கிடப்பில போட வச்சார். விசாரணை நடந்து அறிக்கை வெளிய வந்த உடனே, 1993 ஜனவரியில பிரதமர் பால் ஷ்லூட்டர் ராஜினாமா செய்ய, அரசாங்கமே போயிட்டு. 1995ல அந்த மந்திரிக்கு நாலு மாசம் ஒத்திவைச்ச சிறைத்தண்டனை. அங்க இதுக்குப் பேரே 'தமிழர் வழக்கு'. யாரோ ஊர் பேர் தெரியாத அகதிகளுக்குச் செஞ்ச அநியாயத்துக்காக ஒரு நாட்டில அரசாங்கமே விழுந்திருக்கு, அந்த நாட்டைப் பற்றி இதைவிட நல்ல முதல் பாடம் எனக்குத் தெரியேல்ல.

பிறகு குரூண்ட்விக் (1783–1872). பாதிரியார், கவிஞர், லத்தீனை மனப்பாடம் பண்ணி ஒப்புவிக்கிற படிப்பை கடுமையா எதிர்த்தவர். கமக்காரர் வீட்டுப் பிள்ளைகளும் கூடி இருந்து கதைச்சு படிக்கோணும்னு அவர் சொன்னதில இருந்துதான் 'ஃபோல்க ஹொய்ஸ்கோல' (வயசு வந்த ஆக்கள் தங்கிப் படிக்கிற மக்கள் பள்ளி) வந்தது, முதலாவது 1844ல ரெடிங் எண்ட ஊர்ல. இண்டைக்கும் அங்க எக்ஸாம் இல்ல, மார்க்ஸ் இல்ல, ஆனா எல்லாரும் சேர்ந்து பாடுறது இருக்கு. உங்களையும் பாடச் சொல்லுவாங்க, அதனால எல்லாருக்கும் முழுசா வரி தெரிஞ்ச ஒரு தமிழ்ப் பாட்டை இப்பவே பழகி வச்சிடுங்க.

கேள்வி: அங்க பிள்ளைகள் டீச்சரை பேர் சொல்லித்தான் கூப்பிடுவாங்களாமே, உண்மையா? அப்ப மரியாதை? (ஆசிரியர், கொட்டாஞ்சேனை)

பதில்: உண்மைதான் சேர். அதைக் கேட்டு முதல் நாளே முகம் சுளிச்சிட்டா மிச்ச நாள் ஒண்டும் கண்ணில படாது. அங்க அரசாங்க ஸ்கூல்ல 0ல (ஒண்டாம் வகுப்புக்கு முந்தின ஆண்டு) இருந்து 9ம் வகுப்பு வரை இருக்கு, ஆனா மார்க்ஸ் போடத் தொடங்குறதே 8ம் வகுப்பில தான், அதுவும் மைனஸ் 3ல இருந்து 12 வரைக்கும் ஒரு ஏழு படி. இங்க நாங்க அஞ்சாம் ஆண்டு ஸ்காலர்ஷிப்புக்கே பத்து வயசுப் பிள்ளையை ராத்திரி டியூஷனுக்கு அனுப்பிட்டு வாசல்ல நிக்கிறம், அதை நினைக்க எனக்கு உண்மையிலேயே நெஞ்சு பதறும்.

ஒரு வேலை செய்யுங்க. ஏதாவது ஒரு சின்ன வகுப்பில பின்னுக்கு இருந்து, ஒரு பிள்ளை பிழையா விடை சொன்ன உடனே டீச்சர் என்ன செய்யிறா எண்டதை மட்டும் பாருங்க. அவ அடுத்த பிள்ளையிட்ட போறாவா, இல்ல 'நீ எப்படி அப்படி யோசிச்சாய்'னு கேக்கிறாவா? கட்டடத்தையும் கம்ப்யூட்டர் லேப்பையும் ஃபோட்டோ எடுத்து வந்தா இங்க ஒரு பிரயோசனமும் இல்ல, இதை எழுதி வந்தா திங்கக்கிழமையே உங்கட வகுப்பில செஞ்சு பார்க்கலாம், காசும் தேவையில்ல. வகுப்பு சத்தமாத்தான் இருக்கும், அதைப் பெரிசா எடுக்க வேண்டாம். அவங்கட கல்விச் சட்டத்திலயே பிள்ளைகளை சுதந்திரமும் ஜனநாயகமும் உள்ள சமூகத்துக்குத் தயார்படுத்தோணும்னு எழுதி வச்சிருக்கிறாங்க.

கேள்வி: சாப்பாடு, குளிர், விசா? (வாசகி, தெஹிவளை)

பதில்: ஷெங்கன் விசா. பயணத்துக்கு ஆறு மாசத்துக்கு முதலே அப்ளை பண்ணலாம், கடைசி 15 நாளுக்குள்ள போய் நிக்க வேண்டாம், இன்ஷுரன்ஸ் குறைஞ்சது 30,000 யூரோவுக்கு இருக்கோணும். செலவுக்கு குரோனர், அங்க யூரோ இல்ல. கறுப்பு ரை பாணும் பன்றி இறைச்சியும் நிறைய, மரக்கறி மட்டும் எண்டா முதலே சொல்லி வைங்க. 9 மணி எண்டா 9 மணி. சைக்கிள் பாதையில மட்டும் நடந்திடாதீங்க.

கேள்வி: நாங்க அவங்களுக்குச் சொல்ல எங்கட பக்கத்தில என்ன இருக்கு? (அதே வெள்ளவத்தை ஆசிரியை)

பதில்: நிறைய இருக்கு. கண்டி ராசா போர்த்துக்கேயருக்கு எதிரா உதவி கேக்க, டெனிஷ் ராசா நாலாம் கிறிஸ்டியன் அனுப்பின கப்பல்கள் ஓவ கெத்த தலைமையில 1618ல வெளிக்கிட்டு 1620ல இலங்கைக்கு வந்தது, திருகோணமலையில கோட்டை கட்டவும் பார்த்தாங்க. அது சரிவராம தஞ்சாவூர் ராசா ரகுநாத நாயக்கரிட்ட தரங்கம்பாடியை குத்தகைக்கு எடுத்து அங்க கோட்டை கட்டி, 1845ல இங்கிலீஷ்காரருக்கு வித்திட்டுப் போனாங்க. நாயக்கர் தங்க ஓலையில தமிழ்ல எழுதின கடிதம் கொப்பன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில இருக்கு, அதைப் பார்க்க ஏலுமா எண்டு ஏற்பாடு செய்யிற ஆக்களிட்ட இப்பவே கேளுங்க.

டென்மார்க்கின்ட மேற்குப் பக்கம், யூட்லாண்டுக்குப் போனா பிரண்ட எண்ட ஊர்ல அபிராமி அம்மன் கோயில் இருக்கு. அங்க வாற தாய் தகப்பன்மாரிட்ட, அந்த ஸ்கூல்ல பேரன்ட்ஸ் மீட்டிங்ல தங்களுக்கு என்ன புதுசா இருந்தது, எது கஷ்டமா இருந்ததுனு கேளுங்க. எங்கட வீடும் தெரிஞ்சு அந்த ஸ்கூலும் தெரிஞ்ச ஆக்கள் அவங்கதான்.