ரிங்க்கை மூடினார்கள், அணியையும் கலைத்தார்கள்: என் மகனுக்கு இனி என்ன வழி?

கேள்வி: டொராண்டோவுக்குக் கிழக்கே ஒரு சின்ன ஊரில் இருக்கிறோம். மகனுக்கு 11 வயது. மூன்று வருடமாக ஊர் கிளப்பின் ஐஸ் ஹாக்கி அணியில் ஆடுகிறான். நவம்பரில் சில நாள் பயிற்சி முடிந்து வந்ததும் தலைவலி என்பான், இரவில் இருமுவான். சளிக்காலம்தானே என்று விட்டுவிட்டேன். போன வாரம் 'பாதுகாப்புக் காரணங்களுக்காக' என்று சொல்லி ரிங்க்கை, அதாவது அவன் ஆடும் உள்ளரங்க ஐஸ் மைதானத்தை, மூடிவிட்டார்கள். இரண்டே நாளில், இந்த சீசனுக்கு அணி இல்லை என்று கிளப்பிலிருந்து நாலு வரி ஈமெயில். முழு சீசனுக்கும் பணம் கட்டியாயிற்று. பிள்ளை ஹாக்கி மட்டையை வைத்துக்கொண்டு பேஸ்மென்ட் சுவரில் பந்தடித்துக்கொண்டே இருக்கிறான். அணியைக் கலைத்தது சரியா? அவன் உடம்புக்கு ஏதும் ஆகியிருக்குமா? பணம் திரும்ப வருமா? வேறு எங்கே ஆடலாம்?

பதில்: அம்மா, நான்கு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். உடம்பைப் பற்றிய கேள்வியை முதலில் எடுத்துக்கொள்வோம், அதை இன்றைக்கே கவனிக்க வேண்டும். ஒன்டாரியோ ரிங்க்குகளில், ஐஸை உறைய வைக்கும் இயந்திரங்கள் இருக்கும் கம்ப்ரஸர் அறைகளில் 19 வருடம் வேலை பார்த்தவன் நான். பயிற்சி முடிந்ததும் தலைவலி, ராத்திரி இருமல் என்று யாராவது சொன்னால், எங்களுக்கு முதலில் ஞாபகம் வருவது சளி இல்லை, ஜாம்போனி.

ஐஸைச் சீவி வெந்நீர் விட்டு வழவழப்பாக்கும் அந்த வண்டி பல ஊர்களில் இன்னமும் புரொப்பேன் எரிவாயுவில்தான் ஓடுகிறது. அதன் எஞ்சின் சரியாக டியூன் ஆகாமல் எரிபொருள் கூடுதலாகப் போனால் கார்பன் மோனாக்சைடு வரும். அதைக் குறைக்கிறேன் என்று மெக்கானிக் காற்றைக் கூட்டிவிட்டால் நைட்ரஜன் டைஆக்சைடு ஏறும். முதலாவது தலைவலி, குமட்டல், மயக்கம் தரும். இரண்டாவது நுரையீரலை அரிக்கும். அதில் ஒரு தொல்லை, ஆடும்போது ஒன்றும் தெரியாமல் இருந்து, பல மணி நேரம் கழித்து இருமலும் மூச்சுத்திணறலும் தொடங்கலாம். உங்கள் மகனுக்கு இரண்டு வகை அறிகுறியும் இருந்திருக்கிறது. புகையால்தான் என்று இங்கிருந்து நான் சொல்ல முடியாது, ஆனால் விசாரிக்காமல் விடக்கூடிய விஷயம் இல்லை.

இதெல்லாம் எங்கோ அபூர்வமாக நடப்பது என்று நினைக்காதீர்கள். 1987 பிப்ரவரியில் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஒரே அரங்கில் நடந்த இரண்டு பள்ளி ஹாக்கி ஆட்டங்களைத் தொடர்ந்து 116 பேருக்கு இருமலும் மூச்சுக்கோளாறும் வந்தது. காரணம் ஐஸ் வண்டியிலிருந்து வந்த நைட்ரஜன் டைஆக்சைடு. 2014 டிசம்பர் 13 அன்று விஸ்கான்சின் மாநிலம் லேக் டெல்டனில் 20 வயது ஆட்டக்காரர் ஒருவர் ஆடி முடித்ததும் நினைவிழந்தார். தீயணைப்புப் படை வந்து அளந்து பார்த்தால், அரங்கு முழுக்க கார்பன் மோனாக்சைடு. 90-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போக வேண்டியதாயிற்று.

ரிங்க்குக்குள் இந்தப் புகை ஏன் இவ்வளவு ஆபத்து? ஐஸின் மேல்பரப்பு சுமார் மைனஸ் 5 டிகிரி. அதை ஒட்டிய குளிர்ந்த காற்று கனமானது, மேலே எழும்பாது. சுற்றிலும் பலகையும் கண்ணாடியும் வேலி மாதிரி நிற்கின்றன. மேலே விசிறி ஓடினாலும் கீழே புகை தேங்கிக் கிடக்கும், அதுவும் 11 வயதுப் பிள்ளையின் மூக்கு உயரத்தில். அவன் சும்மா நிற்கவில்லை, ஓடி ஓடி மூச்சு வாங்குகிறான். மேலே பெஞ்சில் காபியோடு உட்கார்ந்திருக்கும் நமக்கு ஒன்றுமே தெரியாது.

நான் வேலை பார்த்த ஒரு ரிங்க்கில் இதைக் கண்ணால் பார்த்தேன். பலகை ஓரத்து ஐஸைச் சீவ ஒரு சின்ன பெட்ரோல் மெஷின் உண்டு, புல் வெட்டும் மெஷின் அளவுதான் இருக்கும். அன்றைக்கு அதை ஓட்டி முடித்த கையோடு, கதவைக்கூடத் திறந்துவிடாமல் பயிற்சி தொடங்கிவிட்டது. இருபது நிமிடத்தில் ஒரு பையன் பெஞ்சுக்கு வந்து ஹெல்மெட்டைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டு, தலை கனக்கிறது என்றான். பக்கத்தில் இன்னொருவன் குனிந்தபடியே இருந்தான். மீட்டரை எடுத்துக்கொண்டு ஐஸில் இறங்கினேன். பெஞ்சருகே இருந்த எண் கோல் பக்கம் போகப் போக ஏறிக்கொண்டே போனது. எல்லாப் பிள்ளைகளையும் ஸ்கேட்டோடு வாகன நிறுத்தத்துப் பனியில் நிறுத்தினோம். அந்தப் பெரிய மெஷின் மேல் எனக்கு இருந்த சந்தேகத்தில் பாதி இந்தக் குட்டி மெஷின் மேல் இருந்ததில்லை. அன்றிலிருந்து அப்படி இல்லை.

சரி, இப்போது செய்ய வேண்டியது. இருமல், இளைப்பு, மூச்சடைப்பு இன்னும் இருந்தால் இன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப் போங்கள். ஆஸ்துமா உள்ள பிள்ளை என்றால் அறிகுறி இல்லாவிட்டாலும் ஒருமுறை காட்டிவிடுங்கள். 'உள்ளரங்க ஐஸ் ரிங்க்கில் ஆடினான், பயிற்சி முடிந்த பிறகு வந்தது' என்ற வாக்கியத்தை அப்படியே சொல்லுங்கள், இல்லையென்றால் அவரும் சளி என்றுதான் எழுதுவார். கார்பன் மோனாக்சைடுக்கு இப்போது ரத்தப் பரிசோதனை செய்து பயனில்லை. சாதாரணக் காற்றில் நாலைந்து மணி நேரத்துக்கு ஒருமுறை ரத்தத்தில் அதன் அளவு பாதியாகிவிடும், ஒரு நாளில் தடயமே இருக்காது. அதனால்தான் தேதிகள் முக்கியம். எந்தெந்த நாள் பயிற்சி, எத்தனை மணிக்குத் தலைவலி, எப்போது இருமல் என்று ஞாபகம் உள்ளதை எழுதி வையுங்கள். மற்றப் பெற்றோரிடமும் கேளுங்கள். ஒரே நாளில் நாலு பிள்ளைக்குத் தலைவலி என்றால் அதற்குப் பெயர் சளி இல்லை. அந்தப் பட்டியலை உங்கள் வட்டாரப் பொதுச் சுகாதார அலுவலகத்துக்கு அனுப்புங்கள்.

அடுத்து, அந்த 'பாதுகாப்புக் காரணங்கள்' என்ற சொல். அதை அப்படியே ஏற்றுக்கொள்ளாதீர்கள், அதற்குள் நாலு தனித்தனி விஷயம் ஒளிந்திருக்கலாம். புகையைப் பற்றிச் சொல்லிவிட்டேன். பெரும்பாலும் அதைச் சில வாரத்தில் சரிசெய்துவிடலாம், வண்டியையும் ஓரம் சீவும் மெஷினையும் மின்சாரத்துக்கு மாற்றினால் வேரோடு போய்விடும்.

ஐஸும் பலகையும் கெட்டிருந்தால் வேறு கதை. ஐஸுக்குக் கீழே கான்கிரீட், அதற்குள் பல கிலோமீட்டர் நீளக் குழாய், குழாயில் உறையாத உப்புநீர். குழாயில் ஒரு இடத்தில் கசிந்தால் அங்கே மட்டும் ஐஸ் இறுகாது, சேறு மாதிரி கொழகொழவென்று நிற்கும். வேகமாக வருகிற பிள்ளையின் ஸ்கேட் அதில் புதைந்தால் கணுக்கால் போகும், பலகையில் தலை மோதும். ஐஸ் சரியில்லாமல் தொழில்முறை ஆட்டமே நின்றிருக்கிறது. 1972 அக்டோபர் 13, ஃபிலடெல்ஃபியா பிளேசர்ஸ் அணிக்குச் சொந்த ஊரில் முதல் ஆட்டம். ஐஸ் சரியாக உறையவில்லை, ஜாம்போனி ஏறியதும் வெடித்து உடைந்தது. ஆட்டமே ரத்து. நினைவுப் பரிசாகக் கொடுத்த பக்குகளை (ஐஸ் ஹாக்கியில் அடிக்கும் ரப்பர் வட்டு) கூட்டம் ஐஸ் மீது வீசியது. ஒரே சீசனில் அந்த அணி வான்கூவருக்குப் போய்விட்டது.

கூரையென்றால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போட முடியாது. நம் ஒன்டாரியோவில் லிஸ்டோவெல் என்ற ஊர் இருக்கிறது. 1959 பிப்ரவரி 28 காலை, சிறுவர்கள் ஹாக்கி ஆடிக்கொண்டிருந்தபோது பனி கனம் தாங்காமல் அரங்கின் கூரை விழுந்து ஏழு சிறுவர்களும் ஒரு பெரியவரும் இறந்தார்கள். ஜெர்மனியின் பாட் ரைசென்ஹாலில் 2006 ஜனவரி 2 அன்று 15 பேர். அங்கே பனி மட்டும் காரணமில்லை. மர உத்தரங்களை ஒட்டியிருந்த பசை ஈரத்தில் பல வருடமாக வலுவிழந்து வந்திருக்கிறது, வெளியே பார்த்தவர்களுக்குத் தெரியவில்லை.

நாலாவது அம்மோனியா. எனக்கு மிகவும் பயம் இதில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பெரும்பாலான ரிங்க்குகளில் அந்த உப்புநீரைக் குளிர வைப்பது அம்மோனியா. நல்ல குளிர்பதனி, மலிவு, கொஞ்சம் கசிந்தாலே மூக்கைத் துளைத்துக் காட்டிக்கொடுக்கும். ஆனால் பத்து லட்சம் பங்கு காற்றில் 300 பங்கு சேர்ந்தாலே உயிருக்கு ஆபத்து. பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஃபெர்னி ஊரில், கர்லிங் (ஐஸில் கல்லைத் தள்ளி ஆடும் ஆட்டம்) ஐஸுக்கான சில்லரில், அதாவது உப்புநீரைக் குளிர வைக்கும் கருவியில், ஒரு குழாய் ஓட்டையாகி அம்மோனியா உப்புநீரில் கலந்துகொண்டிருந்தது. 2017 வசந்த காலத்திலேயே அது தெரிந்துவிட்டது. சில்லர் பழசு, மாற்ற வேண்டும் என்று பல வருடம் முன்பே சொல்லப்பட்டிருந்தது. இருந்தும் அக்டோபரில் சீசனுக்காக அதை மறுபடி ஓட்டினார்கள். அக்டோபர் 17 அன்று மெஷின் அறைக்குள் மொத்தமாகப் பீறிட்டது. சரிபார்க்கப் போன மூன்று தொழிலாளர்கள் இறந்தார்கள். சுற்றுவட்டாரத்தில் 95 பேரை வீடுகளிலிருந்து வெளியேற்றினார்கள். அந்தச் செய்தி வந்த மறுநாள் காலை எங்கள் கம்ப்ரஸர் அறைக் கதவைத் திறக்கும்போது என் கை கொஞ்சம் தயங்கியது. எங்கள் சில்லரும் பழசுதான்.

ஆகவே மூடியதை எதிர்த்துச் சண்டை போடாதீர்கள். சீசன் நடுவில் மூட ஒரு மேலாளருக்கு எவ்வளவு நெருக்கடி வரும் என்று எனக்குத் தெரியும். மூடிய ஆளுக்கு ஒரு நன்றிகூட எழுதலாம்.

ஆனால் அணியைக் கலைத்தது தனி முடிவு, அதைக் கேள்வி கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. பக்கத்து ஊர் ரிங்க்குகளின் மாலை நேரங்கள் கோடையிலேயே ஒதுக்கப்பட்டுவிடும், குளிர்காலத்தில் மிஞ்சுவது விடிகாலையும் நடுநிசியும்தான். அதனால் கிளப் உண்மையாகவே வழியற்றுப் போயிருக்கலாம். இருந்தாலும், மீதி ஆட்டங்களை எதிரணிகளின் ரிங்க்கிலேயே ஆடக் கேட்டார்களா, பக்கத்துக் கிளப்போடு சேர முயன்றார்களா, எழுத்தில் கேளுங்கள். ஊர்க் கூட்டத்தில் பதில் வாங்குங்கள். ரிங்க் நகராட்சிக்குச் சொந்தமென்றால் மூடக் காரணமான அறிக்கையையும் காற்றுப் பரிசோதனைப் பதிவுகளையும் தகவல் உரிமைச் சட்டப்படி கேட்கலாம், விண்ணப்பக் கட்டணம் 5 டாலர். குளிர்பதன இயந்திரங்களைப் பற்றிய புகார் என்றால் மாகாணத்தின் தொழில்நுட்பப் பாதுகாப்பு அமைப்பான டி.எஸ்.எஸ்.ஏ-வுக்குப் போக வேண்டும்.

பணம். கிளப்பின் ரீஃபண்ட் விதியை முதலில் படியுங்கள். நாட்டின் ஹாக்கி அமைப்பான ஹாக்கி கனடாவின் பதிவும் இன்ஷூரன்ஸும் பெரும்பாலும் திரும்ப வராது, அது போகட்டும். பெரிய தொகை ஐஸ் வாடகை. ரிங்க்கே மூடினால் ஓடாத மணிநேரங்களுக்கு நகராட்சி கிளப்பிடம் பணம் வாங்குவது வழக்கமில்லை. அந்த மிச்சம் பெற்றோருடையது, 'எங்கள் பங்கு ஐஸ் வாடகையில் எவ்வளவு மிஞ்சியது' என்று குறிப்பாகக் கேளுங்கள். அணிக்கென்று தனியாக வசூலித்த நிதி இருந்தால் அதன் கணக்கையும் கேளுங்கள். தனியாகக் கேட்பதைவிட அணியின் எல்லாப் பெற்றோரும் ஒரே கடிதத்தில் கையெழுத்திட்டுக் கேட்டால் சீக்கிரம் நடக்கும்.

அவன் ஆட்டம் இதோடு முடியவில்லை. அணி கலைந்தாலும் ஹாக்கி கனடாவில் அவன் பதிவு உயிரோடுதான் இருக்கிறது. கிளப்பின் பதிவாளரிடம் விடுவிப்புக் கடிதம் இந்த வாரமே வாங்குங்கள், சீசன் நடுவில் மாறுவதற்குக் கெடு தேதிகள் உண்டு. பக்கத்து ஊரின் ஹவுஸ் லீக்கில் (தேர்வு வைத்துக் கழிக்காமல் பிள்ளைகளைச் சேர்க்கும் உள்ளூர் லீக்) இடம் கிடைப்பது சுலபம், போட்டி அணி அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம். மறுபடி கட்டணம் கட்டக் கஷ்டமென்றால் ஜம்ப்ஸ்டார்ட், கிட்ஸ்போர்ட் இரண்டும் பிள்ளைகளின் விளையாட்டுக் கட்டணத்துக்கு உதவுகின்றன, கூச்சப்படாமல் விண்ணப்பியுங்கள். ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: பெற்றோர்களே சேர்ந்து எங்காவது ஐஸ் வாடகைக்கு எடுத்து ஆட்டம் நடத்துவது. அனுமதி பெறாத ஆட்டத்தில் அடிபட்டால் ஹாக்கி கனடா இன்ஷூரன்ஸ் வராது.

புது ரிங்க்கில் பதிவதற்கு முன் ஒரு மாலை போய்ப் பாருங்கள். வண்டி மின்சாரமா புரொப்பேனா, கார்பன் மோனாக்சைடு, நைட்ரஜன் டைஆக்சைடு இரண்டுக்கும் மீட்டர் இருக்கிறதா என்று மேலாளரிடம் கேளுங்கள். வீட்டில் மாட்டும் அலாரம் இரண்டாவதைக் கண்டுபிடிக்காது. மினசோட்டாவில் முதலாவது 20 பங்கும் இரண்டாவது 0.3 பங்கும் தாண்டினால் உடனே சரிசெய்ய வேண்டும் என்று விதியே இருக்கிறது, பங்கு என்பது பத்து லட்சத்தில். ஒழுங்கான மேலாளர் பதிவேட்டைத் திறந்து காட்டுவார். அப்புறம் மகனிடமும் சொல்லி வையுங்கள்: தலை கனத்தால் ஐஸில் தன் முறை முடியும் வரை பொறுக்க வேண்டாம், கோச்சிடம்கூடக் கேட்க வேண்டாம், நேராக வாசலுக்கு வந்துவிட வேண்டும்.