சின்ன விவசாய கிராமத்துக்கெல்லாம் வரலாறு இருக்குமா? எங்க ஊரோடத எங்க போய் தேடுறது?

நீங்க கேட்ட விதத்துலயே தெரியுது, கோட்டை கொத்தளம் எதுவும் இல்லாத ஊரு, கோயிலும் சின்னது, கூகுள்ல போட்டா மேப் மட்டும்தான் வருது, சரியா? எங்க ஊரும் அப்படித்தான். மேலூர்ப் பக்கம், பெரியாறு கால்வாய்ல கடைமடை, அதாவது தண்ணி கடைசியா வந்து சேர்ற எடம். பக்கத்துல மாங்குளம் மலையில நெடுஞ்செழியன் பேரு வெட்டின தமிழி (பழந்தமிழ் எழுத்து) கல்வெட்டு இருக்கு, ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல பழசு. அரிட்டாபட்டியில குடைவரைக் கோயிலே இருக்கு. எங்க ஊர்ல ஒரு கண்மாய், ரெண்டு மடை, மிச்சத் தண்ணி வழியிற ஒரு கலுங்கு, அவ்வளவுதான். காலேஜ்ல ஒருத்தன் "உங்க ஊருக்கு என்னடா ஹிஸ்டரி, நட்டீங்க, அறுத்தீங்க, அதானே"ன்னு கேட்டான். இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு, இன்னும் உறுத்துது, அதனாலதான் இவ்வளவு நீளமா எழுதுறேன்.

உங்க வீட்டுப் பழைய பத்திரத்தை முதல்ல எடுங்க. அதுல இருந்து ஆரம்பிங்க.

அப்பா தவறினப்புறம் பாகப்பிரிவினைக்காக தகரப்பெட்டியத் திறந்தோம். அடியில மஞ்சத் துணியில சுத்தி ஒரு கட்டு. மேல இருந்த பத்திரம் மடிப்புல எல்லாம் விட்டுப்போயி நாலு துண்டா வந்துச்சு. புள்ளியே வைக்காம சேத்து ஓட்டி எழுதின எழுத்து, நம்பர் எல்லாம் தமிழ் எண்ணு, எனக்கு ஒரு வரி படிக்க முடியல. மேலூர்ல பத்திரம் எழுதி ரிட்டயர்டு ஆன ஒரு பெரியவர்ட்ட கொண்டுபோனேன். கண்ணாடியக் கழட்டிட்டு தாளை மூக்குக்கிட்ட வச்சு "விரோதி வருஷம் மாசி மாசம்"னு ஆரம்பிச்சார். கணக்குப் போட்டா 1890. எங்க ஐயாவோட தாத்தா வாங்கின நிலம்.

இங்க ஒரு விஷயம் சொல்லணும். அந்த வயலை நாங்க ஒரு ஆம்பளப் பேரைச் சொல்லி, அவரோட "செய்"னு கூப்பிடுவோம், செய்னா வயல். பேரை இங்க போடல, காரணம் கீழ வரும். அது ஏதோ காவல் தெய்வத்தோட பேருன்னுதான் நான் நெனச்சிருந்தேன், ஏன்னா வருஷா வருஷம் நடவுக்கு முன்னாடி எங்க அப்பத்தா அந்த வரப்புல ஒரு தேங்கா உடைச்சு சூடம் கொளுத்தும். பத்திரத்துல அந்தப் பேரு வித்தவரோட பேரா இருக்கு. "பஞ்சத்தில் பட்ட கடனுக்காக" புஞ்சை நிலத்தை விக்கிறதா எழுதிக் குடுத்திருக்கார்.

எந்தப் பஞ்சம்னா தாது வருஷப் பஞ்சம், 1876ல ஆரம்பிச்சது. சின்ன வயசுல அவக் அவக்குன்னு சாப்பிட்டா "தாது வருஷத்துல பொறந்தவனாட்டம் திங்காதடா"ன்னு அப்பத்தா வையும், அது வெறும் வசவுன்னு நெனச்சேன். அந்தக் கடன் பதிமூணு பதினாலு வருஷம் கழிச்சு நிலத்தைத் தின்னுருக்கு. அடுத்தது பாருங்க, 1887ல பெரியாறு அணை வேலை ஆரம்பிச்சு 1895 அக்டோபர்ல திறந்தாய்ங்க, மேக்க கேரளாவுக்குப் போற ஆத்தை மலையக் குடைஞ்சு வைகைக்குத் திருப்பி, வைகையில இருக்கற பேரணையில இருந்து கால்வாய் வெட்டி நம்ம பக்கம் தண்ணி வந்துச்சு. கட்டுல இருந்த அடுத்த பத்திரம் 1911, அதே வயல் அதுல "நஞ்சை", நாலு எல்லையச் சொல்ற சக்குபந்தியில "பெரியாறு வாய்க்காலுக்குக் கிழக்கு"ன்னு இருக்கு. வித்தவர் இன்னும் அஞ்சாறு வருஷம் தாக்குப்பிடிச்சிருந்தா நெல்லு வெளைஞ்சிருக்கும்.

அணை கட்டின பென்னிகுயிக்கைக் குறை சொல்றேன்னு கமெண்ட்ல வந்துராதீங்க, எங்க வீட்லயும் அவர் படம் மாட்டியிருக்கு. சாதி பிரச்சனையக் கெளப்புறேன்னும் சொல்லாதீங்க, நான் எந்த சாதியும் சொல்லல. பத்திரத்துல இருக்கறதைச் சொல்றேன், அவ்வளவுதான்.

பத்திரம் இல்லாதவங்க சார்பதிவாளர் ஆபீஸ்ல வில்லங்கத்துக்கு (அந்த நிலத்துல பதிவான பத்திரங்களோட பட்டியல்) மனு போட்டுப் பாருங்க, விஏஓ கிட்ட ஊரு நிலக்கணக்கு இருக்கற 'அ' பதிவேடு பாருங்க, அதோட மடை பேரு, வயக்காட்டுப் பேரு ஒவ்வொண்ணா பெரியவங்ககிட்ட கேட்டு எழுதி வைங்க, ஊரு வயலுக்குத் தண்ணி பாய்ச்சுற நீர்பாய்ச்சி குடும்பம் இருந்தா முதல்ல அவங்க வீட்டுக்குப் போங்க. ஆனா ஆபீஸ்னதும் எனக்கு வயிறு எரியுது. பட்டா கம்ப்யூட்டர்ல ஏத்துனப்ப எங்க அப்பா இனிஷியலைத் தப்பா அடிச்சிட்டாய்ங்க, ஒரே ஒரு எழுத்து, அதை மாத்த ஆறு வருஷமா அலையிறேன். போனா சர்வேயர் லீவுங்கிறான், மறுபடி மனு குடுங்கிறான். 1890ல கையால எழுதினவன் ஒரு எழுத்து பிசகாம எழுதியிருக்கான்யா. கடைமடைக்காரன் பாடு தண்ணிக்கும் இதே அலைச்சல்தான். கள்ளந்திரி வரைக்கும் 45,041 ஏக்கர் இருபோகம், அதுக்குக் கீழ மேலூர்ப் பக்கம் 85,563 ஏக்கர் ஒருபோகம், அந்த ஒரு போகத்துக்கும் தண்ணி திறக்கற செப்டம்பர் 15 தேதியப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கணும். சரி, அதை விடுங்க.

அம்மாகிட்ட பத்திர விஷயத்தைச் சொன்னப்ப "இதெல்லாம் எதுக்கு இப்பக் கிண்டுற"ன்னாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு, அரிசி புடைச்சுக்கிட்டே "உங்க அப்பத்தாவுக்குத் தெரிஞ்சிருக்கும்டா, இல்லாட்டி எதுக்குத் தேங்கா உடைக்கப் போகுது"ன்னாங்க. அப்பத்தாகிட்ட கேக்க வழியில்ல, அது போயி பதினெட்டு வருஷமாச்சு.

வித்தவரோட வம்சாவளி இன்னும் எங்க ஊர்லதான் இருக்காங்க. ஒரு அண்ணன், டிராக்டர் ஓட்டுறார், எங்க வயலையும் அவர்தான் உழுவார். அந்தப் பேருள்ள வயல்லயே எத்தனை வருஷமா உழுதிருக்கார்! ஒரு மாசம் யோசிச்சிட்டு ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கிட்டுப் போயி குடுத்தேன், சண்டை வந்தாலும் வரட்டும்னு. பேரு இருக்கற எடத்தை விரலால காட்டினேன். ரொம்ப நேரம் பாத்தார். அப்புறம் நாலா மடிச்சு சட்டைப் பையில வச்சுக்கிட்டு, "எங்க வீட்டுப் பரண்லயும் ஒரு பெட்டி கெடக்கு தம்பி, ஞாயித்துக்கெழமை வா, எறக்கிப் பாப்போம்"ன்னார்.