டொமைன் கன்ட்ரோலருக்கு எந்த விண்டோஸ் சர்வர்? நான்கு கேள்விகள்

எங்கள் இரண்டு டிசி-யும் (டொமைன் கன்ட்ரோலர், அதாவது நிறுவனக் கணினிகளின் லாகினைச் சரிபார்க்கும் சர்வர்) விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2. நேராக 2025-க்குப் போய்விடலாமா?

முடியாது. ஃபங்ஷனல் லெவல் (டிசி-களில் எந்தப் பழைய பதிப்பு வரை அனுமதி என்று டொமைனில் வைக்கும் அளவு) குறைந்தது 2016 இருந்தால்தான் 2025 டிசி உள்ளேயே வரும், ஆனால் ஒரே ஒரு 2012 ஆர்2 டிசி மிச்சமிருந்தாலும் அந்த லெவலை ஏற்ற விடாது. அதனால் நடுவில் ஒரு 2022-ஐக் கொண்டுவந்து, ஐந்து ஃபிஸ்மோ ரோல்களையும் (ஒரு நேரத்தில் ஒரே டிசி மட்டும் வகிக்கும் சிறப்புப் பொறுப்புகள்) அதற்கு மாற்றி, பழைய இரண்டையும் டிமோட் செய்து (டிசி பொறுப்பிலிருந்து விலக்கி), லெவலை 2016-க்கு ஏற்றி, அப்புறம்தான் 2025. லெவல் பட்டியலில் 2019, 2022 என்று தேடிக்கொண்டிருக்காதீர்கள், அவற்றுக்குத் தனி லெவலே கிடையாது. உண்மையில் பலருக்கு 2022-லேயே நின்றுவிடுவது போதும், 2031 அக்டோபர் வரை சப்போர்ட் இருக்கிறது. 2012 ஆர்2-க்கு வழக்கமான சப்போர்ட் 2023 அக்டோபரிலேயே முடிந்துவிட்டது, தள்ளிப்போடாதீர்கள்.

2019-ஐ டிசி-யாக ப்ரமோட் செய்யப் போனால் எஃப்ஆர்எஸ் என்று ஏதோ சொல்லி நின்றுவிடுகிறது.

உங்கள் டொமைன் 2003 காலத்தில் பிறந்ததாக இருக்கும். சர்வரை எத்தனை முறை மாற்றியிருந்தாலும் சிஸ்வால் (எல்லா டிசி-யிலும் ஒரே மாதிரி இருக்கவேண்டிய பொது ஃபோல்டர்) மட்டும் பழைய நகலெடுப்பு முறையான எஃப்ஆர்எஸ்-லேயே ஓடிக்கொண்டிருக்கும், யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். 2019 முதல் அது செல்லாது, அதன் புதிய மாற்றான டிஎஃப்எஸ்ஆர்-க்கு மாற்றியே ஆகவேண்டும். 'டிஎஃப்எஸ்ஆர்மிக்' கமாண்ட் அதை ப்ரிப்பேர்ட், ரீடைரக்டட், எலிமினேட்டட் என மூன்று படிகளில் செய்யும். ஒவ்வொரு படியையும் எல்லா டிசி-யும் எட்டிவிட்டதா என்று பார்த்துவிட்டே அடுத்ததைத் தட்டுங்கள், ஏனென்றால் எலிமினேட்டட் படியைத் தொடங்கிவிட்டால் திரும்ப வழியில்லை. டிசி-களுக்குள் ரெப்ளிகேஷன் (தகவல் நகலெடுப்பு) ஏற்கெனவே தகராறு என்றால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். ஒருமுறை அவசரத்தில் இதைப் பார்க்காமல் ஆரம்பித்து, ஒரு கிளை டிசி பாதியில் தொங்கி, ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்கிறேன்.

லெவலை ஏற்றினால் பழைய விண்டோஸ் 7 கணினிகள் லாகின் ஆகுமா?

ஆகும். ஃபங்ஷனல் லெவல் டிசி-களைக் கட்டுப்படுத்துவது, கிளையன்ட்களை அல்ல. அடி விழுவது வேறு இடத்தில்: 2025-ல் புதிதாக அமைக்கும் டொமைனில் எல்டாப் (டொமைனில் பயனர் தகவலைக் கேட்டு வாங்கும் முறை) சைனிங் கட்டாயமாகவே வரும், பழைய ஃபைல் பகிர்வு முறையான எஸ்எம்பி1-ம் புதிய சர்வர்களில் தானாக இருக்காது. பயனர் பட்டியலை எல்டாப் வழியாக எடுக்கும் பழைய ஸ்கேனர்தான் முதலில் அழும்.

இன்-பிளேஸ் அப்கிரேட் (இருக்கும் சர்வரிலேயே புதிய பதிப்பை ஏற்றுவது) செய்யலாமா?

டிசி-யில் வேண்டாம். புதுசை ப்ரமோட் செய்து பழசை டிமோட் செய்யுங்கள், அப்புறம் பழைய ஐபி-யைப் புதுசுக்குக் கொடுத்துவிடுங்கள். டிஎன்எஸ்-ஐக் கையால் அடித்து வைத்த பிரிண்டர் எங்காவது ஒன்று இருக்கும்.