மாடி போர்ஷன் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத் தமிழர் குடியிருப்புகள் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை வாசித்தேன். போகிறபோக்கில் நம் திருநெல்வேலியையும் அதோடு சேர்த்துச் சொல்லியிருந்தீர்கள். எனக்கு அது ஒப்பவில்லை. அங்கே நிறத்தைப் பார்த்துச் சட்டம் போட்டுப் பிரித்தார்கள். இங்கே அப்படி ஒரு சட்டம் கிடையாது. கிராமத்தில் சாதி பார்த்துத் தெரு பிரித்தவர்கள்கூட டவுனுக்கு வந்தால் பக்கத்துப் பக்கத்தில் இருக்கத்தானே செய்கிறார்கள்?

இன்னொன்று. வண்ணார்பேட்டை, ஜங்ஷன் பக்கம் எங்கே பார்த்தாலும் வடமாநிலத்துப் பையன்கள். வெறுப்பில் சொல்லவில்லை. ஆனால் நாகாலாந்தில் இருப்பதுபோல வெளிமாநிலத்தார் உள்ளே வர நமக்கும் ஓர் உள்நுழைவு அனுமதிச் சீட்டு வேண்டாமா? போன மாதம் புரோக்கர் ஓர் ஒடிசா குடும்பத்தை எங்கள் மாடி போர்ஷனுக்குக் கூட்டி வந்தார். புருஷன், பெண்டாட்டி, ஆறு வயதுப் பிள்ளை. வேறு ஆளுக்குப் பேசிவிட்டோம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். போர்ஷன் இன்னும் காலியாகத்தான் கிடக்கிறது. அது உறுத்திக்கொண்டே இருப்பதால்தான் எழுதுகிறேன்.

— ஒரு வாசகர், மகாராஜநகர், பாளையங்கோட்டை

அன்புள்ள நண்பருக்கு,

கடைசியில் எழுதிய அந்த நாலு வரியை மறைத்திருக்கலாம். மறைக்காமல் எழுதினீர்களே, அதற்கு நன்றி.

சட்டம் போட்டுப் பிரித்தார்கள் என்பது சரி. அந்தச் சட்டம் என்ன கேட்டது என்று கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். 1913 நிலச் சட்டம் தென்னாப்பிரிக்காவின் நிலத்தில் நூற்றுக்கு ஏழு பங்கைத்தான் கறுப்பின மக்களுக்கு விட்டது. 1936-இல் அது 13 ஆனது. பிழைக்க வழியற்றவர்கள் சுரங்கத்துக்கும் நகரத்துக்கும் வந்தார்கள். 1922-இல் ஸ்டல்லார்ட் என்பவர் தலைமையில் ஓர் ஆணையம் கூடி, நகரம் வெள்ளைக்காரர் உண்டாக்கியது, அவருக்கு ஊழியம் செய்கிற வரைக்கும் கறுப்பர் உள்ளே இருக்கலாம், அது முடிந்ததும் கிளம்பிவிட வேண்டும் என்று சொன்னது. மறுவருஷமே அந்த எண்ணம் நகர்ப்புறச் சட்டமாக வந்தது. 1952-க்கு அப்புறம் 16 வயது தாண்டிய கறுப்பினத்தவர் எல்லோரும் பாஸ் புத்தகம் என்ற அனுமதி ஏட்டோடு நடமாட வேண்டியதாயிற்று. உரிமை இல்லாதவர் 72 மணி நேரத்துக்கு மேல் நகரத்தில் தங்கினால் குற்றம். அதே நகரத்தில் பிறந்து அங்கேயே இருந்தவர், ஒரே முதலாளியிடம் பத்து வருஷம் உழைத்தவர் என்று சிலருக்குத்தான் தங்கும் உரிமை. இதை எதிர்த்து 1960-இல் ஷார்ப்பிவில்லில் கூடியவர்களில் 69 பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. பாஸ் முறை ஒழிந்தது 1986-இல்தான்.

வேலைக்கு வா, ராத்தங்காதே. அத்தனை பக்கச் சட்டமும் கேட்டது இவ்வளவுதான்.

டர்பனில் இது நம் ஆட்கள் மேலும் விழுந்தது. 1860-இல் சென்னையிலிருந்து போன ட்ரூரோ கப்பலில் தொடங்கி, கரும்புத் தோட்டத்துக்குக் கூலியாகப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள். மேகசின் பாரக்ஸ் என்ற இடத்தில் மாநகராட்சித் தொழிலாளிகளாகக் குடியிருந்தவர்கள் பெரும்பாலும் தமிழர்களும் தெலுங்கர்களும்தான். இனத்துக்கு ஒரு பகுதி என்று ஒதுக்கி 1950-இல் வந்த குழுப் பகுதிச் சட்டத்தைக் காட்டி, அறுபதுகளில் அவர்களைக் கிளப்பி சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பினார்கள். அந்த இடத்தைத் தேர்ந்ததிலும் ஒரு கணக்கு இருந்தது. ஒரு பக்கம் வெள்ளையர் பகுதி, இன்னொரு பக்கம் உம்லாசி என்ற கறுப்பர் குடியிருப்பு, நடுவில் தடுப்புச் சுவர் மாதிரி இந்தியர்கள். சட்டம் 1991-இல் போய்விட்டது. 1994-க்குப் பின் வந்த அரசு ஏழைகளுக்கு முப்பது லட்சத்துக்கும் மேல் வீடு கட்டியது. ஆனால் மலிவான நிலம் ஊர்க்கோடியில்தானே கிடைக்கும்? வீடும் அங்கேதான் எழும்பியது. விடியுமுன் எழுந்து வேன் பிடித்து வேலைக்கு ஓடுகிற பிழைப்பு மாறவில்லை.

இப்போது நம் பக்கம். ஊர், அதை அடுத்து வாய்க்கால், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் காலனி. தாமிரபரணிக் கரையில் இந்த அமைப்பில் எத்தனை ஊர் வேண்டுமானாலும் காட்டலாம். அரசுப் பதிவுகளிலிருந்து 'காலனி' என்ற சொல்லை நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தபோது நான் மனதாரச் சந்தோஷப்பட்டேன். வாய்க்கால் இருந்த இடத்தில்தான் இருக்கிறது.

டவுனில் அப்படி இல்லை என்கிறீர்கள். என் நண்பர் ஒருவர், தலித், பள்ளி ஆசிரியர். பாளையில் வீடு தேடி இரண்டு மாதம் அலைந்தார். மூன்று வீட்டுக்கு நானும் கூடப் போனேன். யாரும் சாதியைக் கேட்கவில்லை. முதல் வீட்டில், "சொந்த ஊர் எது சார்?" அப்புறம், "அங்க எந்தத் தெரு?" மூன்றாவது வீட்டு அம்மா காபி கொடுத்து, பிள்ளைகளை விசாரித்துவிட்டு, "பங்குனி உத்திரத்துக்கு உங்களுக்கு எந்தச் சாஸ்தா?" என்று கேட்டார்கள். சாஸ்தா எது என்று சொன்னால் சாதி தெரிந்துவிடும். குலதெய்வம் சாமி கும்பிடத்தான் இருக்கிறது. அன்றைக்கு அது பாஸ் புத்தகமாக இருந்தது. நண்பர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தது இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

இதை உடைக்க அரசால் முடியாதா என்றால், முடியும். 1997-இல் அறிவித்த சமத்துவபுரத்தில் நூறு வீடு என்றால் நாற்பது தலித்துகளுக்கு, பிற்பட்டோருக்கும் மிகவும் பிற்பட்டோருக்கும் இருபத்தைந்து இருபத்தைந்து, மற்றவர்களுக்குப் பத்து என்று பிரித்துக் கொடுத்தார்கள். குறைகள் உண்டு. ஆனால் எல்லாச் சாதி மனிதர்களையும் பக்கத்துப் பக்கத்து வீட்டில் வைத்துப் பார்த்த திட்டம் நம்மிடம் அது ஒன்றுதான் எனக்குத் தெரிய.

அனுமதிச் சீட்டுக்கு வருகிறேன். வடகிழக்கில் அது மலைக்குடிகளின் நிலம் பறிபோகாமல் காப்பதற்காக இருக்கிறது. நீங்கள் கேட்பது வேறு. ஹோட்டலுக்கும் சென்ட்ரிங்குக்கும் ஆளை நாமே வரவழைத்துவிட்டு, தங்குவதற்கு மட்டும் சீட்டுக் கேட்பது. இந்தியக் குடிமக்கள் எங்கும் போய்க் குடியிருக்கலாம் என்று அரசமைப்பின் 19-ஆம் பிரிவு சொல்கிறது. அந்தப் பிரிவை நம்பித்தான் நம் ஜில்லாவே மும்பைத் தாராவிக்குப் போனது. என் மாமா அங்கே தோல் பட்டறையில் இருந்தார். 1966-இல் சிவசேனா தொடங்கி, தென்னாட்டவரை விரட்டச் சொல்லி 'லுங்கி ஹட்டாவ்' கோஷம் கிளம்பிய காலத்தில், வேட்டியைப் பைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு, பேண்ட் மாட்டித்தான் சயான் ஸ்டேஷனுக்குள் நுழைவாராம். ஊருக்கு வந்தும் ரொம்ப நாள் பேண்ட்தான் போட்டார்.

பாஸ் புத்தகத்தால் அடிபட்ட மக்களே 2008-இல் ஜோகன்னஸ்பர்க்கின் அலெக்ஸாண்ட்ரா குடியிருப்பில் ஜிம்பாப்வேக்காரர்களையும் மொசாம்பிக்காரர்களையும் விரட்டினார்கள். கலவரம் மற்ற ஊர்களுக்கும் பரவி 62 பேர் செத்தார்கள். அடிபட்ட வலி தெரிந்தவர்கள்கூட அடிக்கிறார்கள் என்பதுதான் எனக்குப் பயம்.

எங்கள் வீட்டைக் கட்டியபோது நாலு ஒடியா பையன்கள் பதினோரு மாதம் உள்ளேயே படுத்துக் கிடந்தார்கள். பால் காய்ச்சிய அன்றைக்கு அவர்கள் இல்லை, வேறு சைட்டுக்குப் போயிருந்தார்கள். பரண் உட்சுவரில் சுண்ணாம்பு படாத ஓர் ஓரத்தில் பென்சில் கோடுகள், ஐந்தைந்தாக. வேலை பார்த்த நாள் கணக்கு. எங்களுக்கு முன்னால் அந்த வீட்டில் தூங்கியவர்கள் அவர்கள். கூப்பிட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

புரோக்கருக்கு இன்றைக்கே ஒரு போன் போடுங்கள். அட்வான்ஸ், வாடகை எல்லாம் மற்றவர்களிடம் கேட்பதையே கேளுங்கள். ஒப்பந்தத்தை எழுத்தில் கொடுங்கள், முகவரிக்கு அவர்களுக்கு அந்தத் தாள்தான் ஆதாரம். ஒடிசா ரேஷன் கார்டு இருந்தால் கடையைக் காட்டிக் கொடுங்கள். ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டம் 2020 அக்டோபரிலிருந்து இங்கேயும் இருக்கிறது. பிள்ளைக்கு ஆறு வயது என்கிறீர்கள், ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டும். பக்கத்து அரசுப் பள்ளிக்கு நீங்களும் கூடப் போங்கள். ஹெச்.எம்.மிடம் தமிழில் பேச அவர்களுக்கு ஓர் ஆள் வேண்டும்.

அன்புடன்.