ரங்கூன் உறவினர் பெயரில் பிராண்டைப் பதியலாமா?

கேள்வி: கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் போடுகிறோம். பிராண்டை இந்தியாவில் பதிந்தாயிற்று. மியான்மாரில், யாங்கோனில் (அதாவது பழைய ரங்கூனில்) உள்ள உறவினர், “உளுந்து இங்கேதான் விளைகிறது, பணமும் மெஷினும் போடுங்கள், இங்கேயே தயாரிப்போம், பிராண்டை என் பெயரில் பதிந்துகொள்கிறேன்” என்கிறார். ராணுவம் ஆட்சியைப் பிடித்த நாடாயிற்றே, பணம் போடலாமா?

பதில்: ராணுவம் இருக்கட்டும் அண்ணாச்சி, அந்த “என் பெயரில்” என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. இந்தியப் பதிவு இந்தியாவுக்குள்தான் செல்லும். மியான்மாரின் புதிய டிரேட்மார்க் சட்டம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. முதலில் விண்ணப்பித்தவருக்கே உரிமை. நாளை மனஸ்தாபம் வந்தால், உங்கள் அப்பளத்தை நீங்களே அங்கே இறக்கினாலும் நீங்கள்தான் போலி.

அடுத்து, “சர்வதேச டிரேட்மார்க்” வாங்கித் தருகிறோம் என்று சிலர் வருவார்கள். அப்படி ஒன்று கிடையவே கிடையாது. ஒரே விண்ணப்பத்தில் பல நாடுகளைக் கேட்கும் மாட்ரிட் ஏற்பாடு உண்டு. இந்தியா அதில் 2013-இல் சேர்ந்தது, மியான்மார் சேரவில்லை. இதைச் சொல்லாமல் ஃபீஸை வாங்கிக்கொண்டு பூ பார்டர் போட்ட ஒரு தாளைக் கொடுப்பார்கள். அதை ஃபிரேம் போட்டுக் கல்லாவுக்கு மேலே மாட்டியிருந்த ஒரு கடையில் வாசித்துப் பார்த்தேன். நம் ஊர் விண்ணப்ப ரசீது! ஏற்றுமதிக் கருத்தரங்குகளில் ஜிஎஸ்டி பற்றியே மணிக்கணக்கில் பேசுகிறார்கள், இதைச் சொல்ல ஒருவருக்கும் வாய் வருவதில்லை.

உங்கள் பெயரிலேயே விண்ணப்பியுங்கள். அதற்கு அங்கே வசிக்கும் பதிவுப் பிரதிநிதி ஒருவர் வேண்டும், உறவினர் சிபாரிசு செய்யும் ஆள் வேண்டாம். உறவினருக்கு எழுத்தில், கெடு தேதியோடு, பயன்படுத்த அனுமதி மட்டும் கொடுங்கள். பெருங்காயம், அப்பளக்காரம் அளவையும் சொல்லாதீர்கள். இங்கேயே கலந்து பொடியாக அனுப்புங்கள்.

பணத்துக்கு வருவோம். 2022 ஏப்ரலில், உள்ளே வரும் அந்நியச் செலாவணியை ஒரே வேலை நாளில் அவர்கள் நாணயமான கியாட்டாக மாற்றச் சொன்னது அவர்கள் மத்திய வங்கி. அதே ஆண்டு அக்டோபரில், கறுப்புப் பணப் புழக்கத்தைக் கண்காணிக்கும் சர்வதேச அமைப்பான எஃப்ஏடிஎஃப்பின் கறுப்புப் பட்டியலிலும் நாடு ஏறியது. நம் வங்கிகள் கேள்வி மேல் கேள்வி கேட்கும். இப்போதைக்கு மெஷினை ஏற்றாதீர்கள். முன்பணம் வாங்கிக்கொண்டு சரக்கை மட்டும் அனுப்புங்கள்.

முதலில் விண்ணப்பித்தவருக்கே உரிமை என்றேனே, அதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. தாத்தா காலத்தில் ரங்கூனில் கடை வைத்திருந்த குடும்பங்கள் நம் பக்கம் நிறைய. பிராண்டைப் பத்திர ஆபீசில் பதிந்த காகிதமோ, “இது எங்கள் பிராண்ட்” என்று பத்திரிகையில் கொடுத்த எச்சரிக்கை விளம்பரமோ பரணில் கிடக்கலாம். பழைய பதிவுக்காரர்களுக்கு 2020 அக்டோபரிலிருந்து தனியாக முன்னுரிமைக் காலம் விட்டார்கள், அது முடிந்துவிட்டது. பழைய பதிவு தானாகப் புதிய சட்டத்துக்கு மாறாது, புதிதாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். ஆனாலும் காகிதத்தைத் தூக்கிப் போடாதீர்கள். உறவினர் முந்திக்கொண்டு விண்ணப்பித்திருந்தால், கெட்ட எண்ணத்தில் பதிந்தார் என்று ஆட்சேபிக்க அது சாட்சியாகும்.