அட்வர்ஸ் என்றால் யாருக்கு எதிராக?

முப்பது வருடம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவன். இன்று ‘அட்வர்ஸ்’ (adverse) என்ற சொல்லைப் பற்றி மட்டும் கேளுங்கள்.

கோபி, வாழை விவசாயி: ‘அட்வர்ஸ் வெதர்’னா மோசமான வானிலைன்னு எடுத்துக்கலாமுங்களா?

எடுத்துக்கலாம், ஆனால் அந்தச் சொல்லுக்குள் ‘எதிராக’ என்பது உட்கார்ந்திருக்கிறது. லத்தீனில் ‘எதிர்ப்பக்கம் திரும்பியது’ என்று பொருள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக்காற்று குலை தள்ளிய வாழையைச் சாய்த்தால் உங்களுக்கு அட்வர்ஸ், உடுமலையில் காற்றாலை வைத்திருப்பவருக்கோ அதே காற்றுதான் வருமானம். அதனால் இந்தச் சொல்லைப் பார்த்ததும் யாருக்கு, எதற்கு எதிராக என்று கேளுங்கள். தமிழில் ‘பாதகமான’ சரியாகப் பொருந்தும். கெட்டுப்போன குழம்பை அட்வர்ஸ் குழம்பு என்று சொல்லவே முடியாது.

திருப்பூர், ஏற்றுமதி அலுவலகம்: மழையால சரக்கு தாமதம். பையருக்கு ‘அட்வர்ஸ் கிளைமேட்’னு எழுதலாமா?

‘வெதர்’ என்று எழுதுங்கள். கிளைமேட் பல வருடக் கணக்கு, நேற்று பெய்த மழை வெதர்.

ஈரோடு: ‘ஐ ஆம் அட்வர்ஸ் டு ரிஸ்க்’ சரிங்களா?

தப்பு. அங்கே ‘டி’ கிடையாது, ‘அவர்ஸ்’ (averse). மனசுக்குப் பிடிக்காமல் ஒதுங்குகிற ஆளுக்கு அவர்ஸ், நமக்கு எதிராக நிற்கிற நிலைமைக்கும் விளைவுக்கும் அட்வர்ஸ். தயவுசெய்து வேலை விண்ணப்பத்தில் இதை மாற்றி எழுதிவிடாதீர்கள்.

பல்லடம்: அட்வர்ஸ் எஃபெக்ட்னா பக்கவிளைவு தானே?

இல்லை அம்மணி. இருமல் மருந்து குடித்ததும் வருகிற தூக்கம் பக்கவிளைவு, ராத்திரியில் அது நல்லதுகூட. அதே மருந்தால் உடம்பெல்லாம் தடித்து மூச்சு முட்டினால் அது அட்வர்ஸ். பக்கவிளைவில் தீங்கு இல்லாததும் உண்டு, அட்வர்ஸ் என்றாலே தீங்குதான்.

கரூர்: அவர்ஸ், அட்வர்ஸ் ரெண்டும் ஒண்ணா?

ஈரோட்டுக்காரருக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள்.

தாராபுரம்: எங்க தோட்டத்துல ஒருத்தர் பதினஞ்சு வருசமா குத்தகைக்கு இருக்காருங்க. ‘அட்வர்ஸ் பொசஷன்’, பன்னெண்டு வருசம் ஆச்சு, பூமி எனக்குத்தான்கிறார்.

சட்டத்துக்கு வக்கீலைப் பாருங்கள், சொல்லுக்கு நான் பதில் சொல்கிறேன். இங்கே அட்வர்ஸ் என்றால் உரிமையாளரின் உரிமையை மறுத்து, அவருக்கு எதிராக, வெளிப்படையாக அவர் நிலத்தை அனுபவிப்பது. கோர்ட்டுத் தமிழில் ‘எதிரிடை அனுபவம்’. நீங்கள் சம்மதித்துக் குத்தகைக்கு விட்டிருக்கிறீர்கள், அதில் எதிர்ப்பு எங்கே இருக்கிறது?

காங்கேயம்: அதெப்படிங்க, பன்னெண்டு வருசம்னு சட்டத்துலயே இருக்குதே?

இருக்கிறது, 1963ஆம் வருடக் காலவரையறைச் சட்டத்தில். ஆனால் அனுபவம் எதிரிடையாக மாறிய நாளிலிருந்துதான் அந்த 12 வருடம் ஓடும். சும்மா குடியிருந்த வருடங்களைக் கூட்டிக்கொண்டு வராதீர்கள்.

தாராபுரம்: அப்ப வருசாவருசம் அவர் குத்தகைப் பணம் குடுத்த ரசீது எங்கிட்ட இருக்குதுங்க.

பத்திரமாக வையுங்கள். உங்களை உரிமையாளர் என்று ஒத்துக்கொண்டு கொடுத்த பணம் அது. முதல் வேலையாக அதை வக்கீலிடம் காட்டுங்கள்.

பொள்ளாச்சி: ‘ஐ ஆம் அட்வர்ஸ் டு’...

‘டி’யை எடுத்துவிடுங்கள் தம்பி.