வாய் திறக்காத பிள்ளைகள்: ஆங்கிலப் பேச்சு பற்றிக் கேள்வி பதில்

அம்பாசமுத்திரம், ஆசிரியை: எட்டாம் வகுப்புப் பையன் சார். பரீட்சையில் நல்ல மார்க். கேள்வி கேட்டால் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். ஆர்வமில்லையா?

ஆர்வமில்லாதவன் படித்து மார்க் வாங்குவானா டீச்சர்? தப்பாகிவிடுமோ என்ற பயம்தான். 1970களில் அமெரிக்காவில் அறிவியல் வகுப்புகளைக் கவனித்த கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் ஒரு விநாடி அளவே பொறுப்பதைக் கண்டார். மூன்று விநாடி பொறுத்ததும் பதில்கள் நீண்டன, பேசாத பிள்ளைகளும் பேசின. நம் பிள்ளை தமிழில் நினைத்து ஆங்கிலத்தில் கோக்க வேண்டும். எட்டு, பத்து விநாடியாவது கொடுங்கள். அதற்கு முன் பக்கத்துப் பையனிடம் ஒரு நிமிடம் சொல்லிப் பார்க்கட்டும். "பேசுலே" என்று அதட்டினால் தெரிந்த சொல்லும் மறந்துபோகும்.

"ஐ கோ ரிவர் யெஸ்டர்டே" என்றால் நிறுத்தித் திருத்தாதீர்கள். "ஓ, யூ வென்ட் டு த ரிவர்? ஹூ வென்ட் வித் யூ?" என்று கேளுங்கள். திருத்தமும் காதில் விழும், பேச்சும் அறாது.

பாளையங்கோட்டை, கல்லூரி மாணவர்: வேலை கிடைத்தே ஆகணும் சார். ஆனால் இன்டர்வியூவில் தொண்டை அடைத்துக்கொள்கிறது.

ஆசை கூடக்கூடப் பயமும் கூடும் தம்பி; உங்களுக்கு அதுதான் நடக்கிறது. ஒரே விஷயத்தை மூன்று பேரிடம் தனித்தனியாகச் சொல்லுங்கள்: முதல் ஆளிடம் 4 நிமிடம், அடுத்தவரிடம் 3, மூன்றாமவரிடம் 2. நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்தையே எடுத்துக்கொள்ளலாம். விஷயம் கைவசம் இருப்பதால் கவனம் முழுக்க மொழியில் நிற்கும். மூன்றாம் முறை தடுமாற்றம் குறைவதை நீங்களே உணர்வீர்கள். ஆள் மாறாவிட்டால் பயனில்லை, கேட்டதையே கேட்பவர் முகத்தில் சலிப்பு தெரிந்துவிடும். எழுதி மனப்பாடம் செய்யவும் வேண்டாம். ஒரு சொல் நழுவினால் மொத்தமும் நின்றுவிடும்.

மேலப்பாளையம், ஒரு தாய்: மகளை ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸில் சேர்க்கவா சார்?

ஒரு வகுப்பில் எத்தனை பேர் என்று கேளுங்கம்மா. நாற்பது பேர் இருந்தால் ஒரு மணி நேரத்தில் உங்கள் மகளுக்கு ஒன்றரை நிமிடம்கூடக் கிடைக்காது.

நாங்குநேரி, ஒரு தகப்பனார்: மகனுக்குப் பதின்மூணு வயசு. "இங்கிலீஷ் பேசி என்ன செய்யப் போறேன்"னு கேக்கான் சார்.

இவனுக்குத்தான் உண்மையில் ஆர்வக் குறை. வேலை, சம்பளம் எல்லாம் பதின்மூன்று வயதுக்குத் தூரத்துச் சமாச்சாரம் அண்ணாச்சி. கபடி பிடிக்குமென்றால், போனில் ஒரு ஆட்டத்தைச் சத்தமில்லாமல் ஓடவிட்டு ஒரு நிமிடம் அவனையே வர்ணனை சொல்லச் சொல்லுங்கள். முதல் வாரம் பாதி தமிழாகவே வரட்டும்.